புதன்கிழமை மூன்று மணிவரை

துபாயில் நான் தமிழாசிரியனாக இருந்த காலத்தில், அல் குசைஸில் எங்கள் பள்ளி எடுத்துத் தந்திருந்த குடியிருப்பில், திருநெல்வேலிக்காரரான கணக்காசிரியர் ஒருவரோடு ஆறாண்டுகள் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். காலையில் அவர் சோறு வடிப்பார். நான் காய் நறுக்குவேன். ஆறு மணிக்குப் பள்ளிப் பேருந்து வரும். மாலையில் ஒரே மேசையின் இருபுறமும் அமர்ந்து குறிப்பேடுகளைத் திருத்துவோம். என் மாணவர்களின் ஏடுகளில் தமிழ்ச் சொற்களின் தலைமேல் பென்சிலால் ஆங்கிலப் பொருள் எழுதப்பட்டிருக்கும். நான் பெருமூச்சு விட்டால் அவர் சிரிப்பார்.

“அண்ணாச்சி, எங்கணக்குல இந்தத் தொல்லையே கெடையாது. எந்த ஊர்ப் பிள்ளையும் ஒரே மாதிரிதான் தப்பு பண்ணும்.”

அயல்நாட்டு ஆசிரியர்கள் அனைவருடைய கடவுச்சீட்டும் பள்ளி அலுவலகத்தின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அக்காலத்தில் பள்ளிக்கு வியாழனும் வெள்ளியும் வார விடுமுறை. ஆகையால் ஊரிலிருந்து அவசரச் செய்தி வந்தவர் புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் அலுவலகத்துக்குச் சென்றால் அன்றே புறப்படலாம், தவறினால் சனிக்கிழமைதான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்த இன்னொன்றும் உண்டு. ஊரில் சாவு நேர்ந்தால் அதை உரியவரிடம் எவரும் நேரே சொல்வதில்லை. முதலில் உடன் தங்கியிருப்பவருக்குத் தொலைபேசி வரும். அவர், “கொஞ்சம் சீரியஸாம், போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க” என்று சொல்லி விமானம் ஏற்றிவிடுவார். தனியாகப் பயணம் செய்கிறவன் வழியில் உடைந்துவிடக் கூடாது என்னும் பரிவில் பிறந்த வழக்கம் அது. உண்மையை வீட்டு வாசலில் பந்தல் சொல்லிக்கொள்ளும். ஏற்கெனவே இருவருக்கு நான் அவ்வாறு சொல்லி வழியனுப்பியிருந்தேன். நிதானமாகப் பேசுகிறவன் என்று அப்பொறுப்பு என்னிடம் வந்து சேரும். இருவரும் கேட்ட மாத்திரத்தில் ஓடினார்கள். அதனால் அந்த வழக்கத்தை நான் ஐயுற்றதில்லை.

ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் என் அறைநண்பரின் அக்காள் கணவர்.

“சார், மாமா காலைல தவறிட்டாங்க. மச்சினன்ட்ட சொல்லிராதீங்க. சீரியஸ்னு மட்டும் சொல்லி ஏத்தி விட்ருங்க. அவன் ஒத்தையில வரணும்லா? ஒரே பையன், கொள்ளி வைக்க அவந்தான் வேணும். நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம்.”

சொல்லமாட்டேன் என்று வாக்களித்தேன்.

பத்தாம் வகுப்பின் வாசலில் நண்பரை நிறுத்தினேன். “தம்பி, ஊரிலிருந்து பேசினார்கள். அப்பாவுக்கு உடல்நிலை மிகவும் மோசமாம். உடனே கிளம்பச் சொல்கிறார்கள்.”

சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டியபடி அவர் சிரித்தார்.

“போன வருசமும் இதே சீரியஸ்தான் அண்ணாச்சி. பதறியடிச்சுப் போய் எறங்குனா, எங்கப்பா வாசல்ல சேரைப் போட்டு பேப்பர் படிச்சிட்டிருக்காரு. ‘என்னல, லீவா?’ங்காரு. அதுக்கு முந்துன வருசமும் இதே கூத்துதான். சனிக்கிழமை பத்தாங்கிளாசுக்கு மாடல் எக்ஸாம். கொஸ்டின் பேப்பரே இன்னும் முடிக்கல. எக்ஸாம் முடிஞ்சதும் லீவு போட்டுப் போறேன்.”

“இந்த முறை அப்படி இல்லை போலிருக்கிறது.”

“எங்கக்கா அழுதிருப்பா. அவளுக்கு அப்பா தும்முனாலே சீரியஸ்தான். நீங்க வேற, ஒரேயடியா மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு! யல்லா, சீக்கிரம் கிளாசுக்குப் போங்க.”

வகுப்புக்குள் போய்விட்டார். கரும்பலகையில் அவர் எழுதும் ஓசை வெளியே கேட்டது. கதவைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாற்பது பிள்ளைகள் முன்னிலையில் அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இரண்டு மணிக்கு ஆசிரியர் அறையில் மீண்டும் முயன்றேன். மிக மோசம் என்றேன். கைவிட்டுவிட்டார்களாம் என்றும் சொன்னேன். அதற்கு மேல் போகாமல் வாக்கு தடுத்தது. சற்றே கலங்கிய அவர் ஊருக்கு அழைத்துப் பார்த்தார். அங்கும் அதே பாடம்தான் கிடைத்தது: “சீரியஸ்தான், ஆஸ்பத்திரியில இருக்காரு.” ஆஸ்பத்திரி என்ற சொல் அவரைத் தேற்றிவிட்டது. “டாக்டருங்க இருக்காங்கல்லா” என்று சொல்லிவிட்டு வினாத்தாளைத் தொடர்ந்தார்.

மணி மூன்று ஆயிற்று. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

திரும்பும் பேருந்தில் சொன்னேன். அவர் சன்னலோரம் இருந்தார்.

“தம்பி, அப்பா காலையிலேயே போய்விட்டார்.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மூணு இருவது” என்றார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வாடகைக் காரில் பள்ளிக்கு விரைந்தோம். அலுவலகம் பூட்டியிருந்தது. இரும்புப் பெட்டியின் சாவி எகிப்தியரான அலுவலரிடம் இருந்தது; அவர் குடும்பத்தோடு வெளியூர் போய்விட்டிருந்தார். பலமுறை அழைத்தபின் கிடைத்தார். பாவம், விடுமுறையைப் பாதியில் விட்டு வியாழன் நண்பகலில் திரும்பி வந்து, தம் கையாலேயே பெட்டியைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்துக் கொடுத்தார். “மாலிஷ், மாலிஷ்” என்று அரபியில் ஆறுதல் சொல்லி நண்பரின் தோளைத் தட்டினார். அன்று மாலை விமானத்தில்தான் இடம் இருந்தது. அதே மாலையில், வெளிச்சம் போவதற்குள், ஊரார் உடலை எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நண்பர் வெள்ளிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தபோது அஸ்தி எடுக்க மட்டுமே வேலை இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, மழித்த தலையோடு திரும்பினார். எப்போதும்போல் சோறு வடித்தார். நான் காய் நறுக்கினேன். மூன்றாம் நாள், குறிப்பேடு திருத்திக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே கேட்டார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு எப்ப தெரியும்?”

“பன்னிரண்டரைக்கு.”

சிவப்புப் பேனா அந்த ஏட்டின் மேல் அப்படியே நின்றது.

“ரெண்டரை மணி நேரம் இருந்திருக்கு.”

வாக்களித்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்தினார். “அத்தான் சொன்னாரு. உங்க மேல குத்தம் இல்ல. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.” குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லியிருப்பேன். அவர் அடுத்த ஏட்டை எடுத்தார். அதன்பின் என் பெருமூச்சுகளுக்கு அவர் சிரித்ததில்லை.

கோடை விடுமுறைக்கு முன், மாடியில் ஓர் அறை காலியாகிறது என்று சொல்லி இடமாற்றம் கேட்டு வாங்கினார். சாமான் அதிகமில்லை. மெத்தைதான் பெரிது, மின்தூக்கிக்குள் நுழையவில்லை. அவர் முன்னே, நான் பின்னே, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நான்கு மாடிகள் ஏறினோம். திருப்பங்களில், “மெள்ள அண்ணாச்சி, மெள்ள” என்றார். அறைக்குள் கொண்டுபோய்ப் போட்டதும் நன்றி சொன்னார். அறைத்தோழராக இருந்த ஆறாண்டுகளில் அவர் எனக்கு நன்றி சொன்னது அதுவே முதல்முறை.