சும்மா நின்றவள்

மில்கேட் தெருப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, சாலை வளைகிற இடத்தில், டோரீன் ஹெஸ்கெத் இருபத்திரண்டு வருடம் நின்றாள். மழையில் நின்றாள், பனியில் நின்றாள், புருஷனைப் புதைத்த மறுவாரமும் வந்து நின்றாள். காலையில் முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம். கணுக்கால் வரை தொங்கும் மஞ்சள் கோட்டு, தலையில் தொப்பி, கையில் அவளைவிட உயரமான கம்பு, கம்பின் உச்சியில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை. அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பிள்ளைகள் அவளை லாலிபாப் அம்மா என்று கூப்பிட்டார்கள். பலகையோடு அவள் நடுச்சாலைக்கு இறங்கிக் கையை நீட்டினால் லாரியும் நிற்க வேண்டும், மேயர் காரும் நிற்க வேண்டும். சட்டம் அப்படி. வேறு எந்தச் சட்டமும் டோரீனுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.

அதற்கு முன்னால் பிஸ்கட் ஆலையில் பெட்டி அடுக்கினாள். முதுகு போனதும் ஆலைக்காரர்கள் ஒரு கேக்கும் ஒரு சிறிய ஓய்வூதியமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மகன் கனடாவில், ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், மழை பெய்கிறதா என்று கேட்பான். இந்த ஊரில் அது ஒரு கேள்வியா? ஆக, காலையில் எழுந்து தலை வாரிக்கொள்ள அவளுக்கு இருந்த ஒரே காரணம் அந்தச் சாலைதான். எந்தப் பிள்ளைக்குப் பல் விழுந்தது, எந்த வீட்டில் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்பதெல்லாம் பள்ளி ஆசிரியர்களுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அவளோடு ஒரே நாளில் இதே வேலைக்குச் சேர்ந்தவள் மேவிஸ். பிஸ்கட் ஆலையிலும் பக்கத்துப் பக்கத்து மேசைதான். மேவிஸ் நின்றது பத்து நிமிட நடையில் இருக்கிற கால்வாய்ப் பாலத்துப் பள்ளிக்கூடத்தில். அவள் புருஷன் நார்மனுக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம் ஆகிறது, தானாக எழுந்து உட்காரவும் முடியாது. அவனைத் தனியாக விட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்க முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை என்று இந்த உலகத்தில் மேவிஸுக்கு இருந்தது அது ஒன்றுதான். டோரீன் பொழுது போகாமல் நின்றாள், மேவிஸ் பிழைப்புக்காக நின்றாள். வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்ததும் டோரீன் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் இரண்டு வாங்கிக்கொண்டு மேவிஸ் வீட்டுக்குப் போவாள். நார்மனுக்கு ஊட்டுவதை ஒருத்தி பார்த்துக்கொள்ள, மற்றவள் தேநீர் போடுவாள். வாய் ஓயாமல் ஊரைத் திட்டுவார்கள்.

அந்த வருடம் ஏப்ரலில் நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகளைப் பத்திரமாகப் பள்ளிக்குக் கொண்டுவருவது பெற்றோரின் பொறுப்பாம். அதனால் சாலை கடக்க உதவும் பணியைப் படிப்படியாகச் ‘சமூகத்தின் கையில் ஒப்படைக்க’ முடிவு செய்திருக்கிறார்களாம். கோடை விடுமுறையோடு மில்கேட் தெருவில் சம்பளம் நிற்கும், அது சோதனை முயற்சி. மற்ற பதின்மூன்று இடங்களைப் பற்றி அப்புறம் முடிவு. கடிதத்தின் தலைப்பு: ‘உங்களுக்கு ஒரு தன்னார்வ வாய்ப்பு!’ ஆச்சரியக்குறியோடு. நகராட்சிக்காரர்கள் எதையாவது பிடுங்கப் போகிறார்கள் என்றால் முதலில் அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிடுவார்கள்.

கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெரியவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சமூக சேவைப் பிரிவிலிருந்து ஏட்ரியன் என்ற இளைஞன் வந்திருந்தான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தொலைக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

“டோரீன், உங்க அனுபவம் எங்களுக்குப் பொக்கிஷம் மாதிரிங்க” என்றான்.

“பொக்கிஷத்துக்குச் சம்பளம் கிடையாதாக்கும், தம்பி?”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “நீங்க தொடர்ந்து நிக்கலாங்க. யாரும் உங்களைப் போகச் சொல்லல. அதே இடம், அதே நேரம். இந்த விண்ணப்பத்தை மட்டும் நிரப்பிக் குடுத்துட்டா…”

நான்கு பக்கம். இந்தப் பணியில் உங்களுக்கு ஏன் ஆர்வம்? முன் அனுபவம் ஏதும் உண்டா? டோரீன் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மேவிஸ் சுற்றி வளைக்காமல் கேட்டாள். “நிக்கப் போறியா?”

“எனக்கென்ன தலையெழுத்தா?”

“விளையாடாத. சங்கத்துல பேசியாச்சு. பதினாலு பேரும் ஒரே பிடியா நிக்க மாட்டோம்னு சொன்னா, அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ரெண்டே வாரத்துல அம்மாமாருங்க எல்லாம் நகராட்சி வாசல்ல போய்க் கத்துவாங்க. சோதனைன்னுதானே சொல்றாங்க, அது தோத்துப் போகணும். உன் இடத்துல ஆள் இல்லாம கிடந்தாத்தான் என் இடத்துல எனக்குச் சம்பளம். புரியுதாடீ?”

“புரியுது.”

“அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காத. சத்தியம் பண்ணு.”

டோரீன் சத்தியம் செய்தாள். நார்மனின் தலையைத் தொட்டுச் செய்தாள். அவன் கோணிய வாயால் சிரித்தான்.

ஜூலையில் கோட்டையும் பலகையையும் ஒப்படைத்துவிட்டு வந்தாள். செப்டம்பரில் பள்ளி திறந்தது. முதல் நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். எட்டு மணி ஆனால் கால் தானாக வாசலுக்குப் போகும். இழுத்துக்கொண்டு வந்து சமையலறையில் உட்காருவாள். பேச ஆளில்லை, செய்ய வேலையில்லை, ரேடியோவைப் போட்டால் அதுவும் எரிச்சலாக வந்தது. செத்துப்போனால் இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தாள். ஐந்தாம் நாள் பால் தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக வேறு வழியும் இருந்தது. அவள் மில்கேட் தெரு வழியாகத்தான் போனாள்.

பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, வளைவில் ஒரு தாய், தள்ளுவண்டியில் கைக்குழந்தை, காதில் போன். பக்கத்தில் புத்தகப் பை சுமந்த ஒரு பொடிசு. எதிர்ப்பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், பொடிசு இறங்கிவிட்டது. ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று வளைவில் திரும்பி, கிறீச்சென்று நின்றது. சாண் இடைவெளி இருந்திருக்கும். குழந்தை அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி நின்றது. டோரீன் பால் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடினாள். வீட்டுச் செருப்பும் கம்பளிச் சட்டையுமாக நடுச்சாலையில் நின்று இரண்டு கையையும் விரித்தாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். அவன் முகமும் வெளுத்துத்தான் போயிருந்தது. “ஏய் கெழவி, சாகணுமா உனக்கு? நடுரோட்டுல நின்னு கை காட்ட நீ யாரு?”

டோரீன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். கோட்டும் இல்லை, பலகையும் இல்லை.

வீட்டுக்கு வந்து மேவிஸ் எண்ணைச் சுழற்றினாள். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டாள். அவளிடம் சொன்னால் அவள் வேண்டாம் என்பாள், அவள் சொல்வதும் நியாயமாக இருக்கும், நியாயத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தன்னால் முடியாது என்று டோரீனுக்குத் தெரிந்திருந்தது. அது கோழைத்தனம்தான். பிறகு ஏட்ரியனுக்குப் போன் செய்தாள்.

முன் அனுபவம் என்ற கட்டத்தில் ‘உண்டு’ என்று எழுதினாள். இரண்டு வாரத்தில் கோட்டு வந்தது. அவளுடைய பழைய கோட்டேதான், இடது பையில் அவள் போட்ட தையல் அப்படியே இருந்தது. முதுகில் மட்டும் ‘தன்னார்வலர்’ என்று புதிதாக ஒட்டியிருந்தார்கள். தனக்கு முதுகுப் பக்கம் இருப்பது தன் கண்ணில் படாது என்று டோரீன் சமாதானம் சொல்லிக்கொண்டாள். வெள்ளிக்கிழமைகளில் ஜலதோஷம், முதுகு வலி என்று காரணம் சொல்லி மேவிஸ் வீட்டுக்குப் போகாமல் தவிர்த்தாள்.

நவம்பரில் மற்ற பதின்மூன்று பேருக்கும் கடிதம் போனது. மில்கேட் தெருவில் சோதனை முயற்சி பெரும் வெற்றி. நெடுநாள் ஊழியரே உவந்து முன்வந்து தன்னார்வலராகத் தொடர்கிறார். ஆகவே கிறிஸ்துமஸோடு எல்லா இடங்களிலும் இதே முறை. பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

அன்று மத்தியானமே மேவிஸ் வாசலில் வந்து நின்றாள். தலையில் மழைத் துணிகூட இல்லை.

“உள்ள வாடி, நனையுற.”

“வரல. அவரைப் பக்கத்து வீட்டுல பாத்துக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன், கால் மணி நேரந்தான். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். ஏதாவது குடுத்தாங்களா உனக்கு?”

“இல்ல.”

“சும்மாவா நின்ன?”

“சும்மாதான்.”

“அதான்டீ. நீ சும்மா நின்னா என்னை எவன்டீ கூலி குடுத்து நிறுத்துவான்?”

“ஒரு கொழந்தை வேனுக்கு அடியில போயிருக்கும் மேவிஸ். என் கண்ணால பாத்தேன்.”

“போயிருந்தா அந்தப் பழி அவங்க தலையில விழுந்திருக்கும். மறுநாளே நம்ம காலைப் பிடிச்சுக் கூப்பிட்டிருப்பாங்க.” சொல்லிவிட்டு மேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். “பாத்தியா என்ன பேசுறேன்னு? ஒரு பச்சப் புள்ள அடிபட்டிருக்கலாம்னு பேசுறேன். நான் இப்படிப்பட்டவளா? என்னை இப்படி ஆக்கிட்டியேடீ.”

டோரீன் கையைப் பிடிக்கப் போனாள். மேவிஸ் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

கிறிஸ்துமஸ் போனது. மேவிஸுக்குப் பார்சல் கிடங்கில் விடியற்காலை ஷிஃப்ட் கிடைத்தது, வேறு நேரம் இல்லை என்றுவிட்டார்கள். விடியற்காலையில் நார்மனைப் பார்த்துக்கொள்ள யார் வருவார்கள்? அவனை ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விட்டாள். இதை டோரீனுக்கு மேவிஸ் சொல்லவில்லை, இறைச்சிப் பலகாரக் கடைக்காரி சொன்னாள். அன்று டோரீன் எதுவும் வாங்காமல் திரும்பினாள்.

ஜனவரி நடுவில் ஏட்ரியன் போன் செய்தான். குரலில் தயக்கம். “கால்வாய்ப் பாலத்துக்கு ஒரு ஆள்கூட முன்வரலைங்க. அந்தப் பள்ளி அரை மணி பிந்தித்தான் தொடங்குது. உங்க இடத்தை முடிச்சுட்டு நடந்து போனீங்கன்னா…”

“அது மேவிஸோட இடம்.”

“தெரியுங்க. அவங்களைத்தான் முதல்ல கேட்டோம்.”

“என்ன சொன்னா?”

“அதை விடுங்க” என்றான். டோரீன் முடியாது என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் தன் வேலை முடிந்ததும், எதற்கென்று தெரியாமலே, பாலம் வரை போய்ப் பார்த்தாள். ஒரு பத்து வயதுப் பெண் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றிருந்தாள். ஒரு கார் போகும், காலை வைப்பாள், எடுப்பாள். மறுபடியும் வைப்பாள், எடுப்பாள். ஒருவரும் நிறுத்தவில்லை. டோரீனுக்கு மனசு விட்டுப்போயிற்று. எந்தப் பக்கம் காலை வைத்தாலும் பாவம்தான் என்றால் மனுஷி எங்கேதான் நிற்பது?

பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து அவள் இரண்டு இடத்திலும் நின்றாள். முதுகு பழையபடி பேச ஆரம்பித்தது. மில்கேட் பிள்ளைகளிடம் சிரித்த மாதிரி இங்கே சிரிக்க வரவில்லை. இங்குள்ள பிள்ளைகளின் பெயர்கள் மேவிஸுக்குத்தான் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது அடித்துப் பத்து நிமிடம். கிடங்கின் கறுப்பு மேல்சட்டையோடு மேவிஸ் வந்தாள். ஷிஃப்ட் முடிந்து வருகிறாள், இளைத்திருந்தாள். டோரீனைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் கீழே போனால் சிக்னல் விளக்கு இருக்கிறது, அங்கே கடந்திருக்கலாம். போகவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாக ஓரத்தில் வந்து நின்றாள். மேவிஸைக் கண்டதும் பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தார்கள், அவளும் ஒவ்வொருத்தரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாள். குரல் பழைய குரலேதான்.

டோரீன் பலகையோடு நடுச்சாலைக்கு இறங்கினாள், கையை நீட்டினாள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. பிள்ளைகள் ஓடிப் போனார்கள். கடைசியாக மேவிஸ், அவசரமில்லாமல் நடந்து வந்தாள். பக்கத்தில் வந்ததும் டோரீன் மெல்ல, “மேவிஸ்… நார்மன் எப்படியிருக்கான்டீ?” என்றாள்.

மேவிஸ் நின்றாள். மஞ்சள் கோட்டைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

“ரொம்ப நன்றிங்க” என்றாள், முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற மாதிரி. அந்தப் பக்கம் ஏறி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

டோரீன் நீட்டிய கையை இறக்கவில்லை. எல்லாரும் கடந்துபோன பிறகும் வண்டிகள் அவளுக்காக நின்றுகொண்டிருந்தன.