எதிர் மலைக்குக் கேட்ட வசனம்

இலங்கையில் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த நான், ஒரு படத்தில் கதாநாயகனாக நடித்தேன் என்றால் என் பிள்ளைகளே சிரிக்கிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது அது. கடைவீதியில் கல்யாண வீடியோ எடுத்துவந்த என் நண்பர், முகூர்த்தம் இல்லாத நாட்களில் அதே கேமராவை வைத்து எடுத்த படம். வாய்ப்புக் கேட்டு அலைந்து தோற்றுப்போகும் ஒரு நடிகனின் கதை. அந்த நடிகன் நான்.

எனக்குத் தெரிந்த நடிப்பெல்லாம் காமன் கூத்துதான். எங்கள் தோட்டத்தில் கூத்துக்கு மைக் கிடையாது. காமன் எரிந்த பிறகு ரதி அழுகிற அழுகை அடுத்த டிவிஷனில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் வரைக்கும் கேட்க வேண்டும். கேட்டால்தான் அவன் ஆட்டக்காரன். நான் பல வருஷம் ரதி வேஷம் கட்டியவன்.

கொழும்பில் ஒரு சின்ன மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். அடுத்த வாரமே பத்திரிகையில் விமர்சனம் வந்துவிட்டது. நண்பர் அதை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். முகம் சரியில்லை. வாங்கிப் படித்தேன். கதையைப் பாராட்டியிருந்தார்கள். படப்பிடிப்பை மன்னித்திருந்தார்கள். என்னைப் பற்றி மட்டும், பக்கத்தில் நிற்கும் மனைவியிடம் பேசும்போதும் எதிர் மலையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் பேசுகிறார் என்று எழுதியிருந்தது. இனிமேல் படமும் வேண்டாம், கூத்தும் வேண்டாம் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

நான் அதை மடித்து ஒளிப்பதற்குள், அந்தப் பக்கம் வந்த எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வாங்கிக்கொண்டார். அன்று வெள்ளிக்கிழமை. கோயிலில் பூசை முடிந்து சனம் உட்கார்ந்திருந்தது. நம்ம ஆள் பேப்பரில் வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, தலைவர் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அந்த வரி வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கைதட்டினார்கள்.

"எதிர் மலைக்கே கேக்குதுன்னு கொழும்புக்காரங்களே எழுதிட்டாங்க பாருங்க," என்றார் ஒருவர். தலைவர் அந்த வரியை மறுபடியும் வாசித்தார். பூசாரி சாமி மாலை ஒன்றைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். விஷயம் தெரிந்த நண்பர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

விமர்சனம் எழுதியவர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரிதான். பால் வெட்டுகிறவன் பாவம் என்று விட்டுவிடாமல், நடிகன் என்று நினைத்துத்தானே குறை சொன்னார்? அது பெரிய மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்.

"அது பாராட்டி எழுதினதில்லையே?"

அவளிடம் மறைக்க முடியவில்லை. இல்லை என்றேன். இனி வேஷம் கட்டப்போவதில்லை என்பதையும் சொன்னேன். அவள் மாலையை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"அதுக்கு ஏன் விடணும்? அடுத்த தடவ மெதுவாப் பேசுங்க. நாங்க கிட்ட வந்து உக்காந்துக்கிறோம்."