குத்துச்சண்டைக் கொட்டகையில் மணி அடித்தவள்

1. முதல் நாள்

வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த குத்துச்சண்டைக் கம்பெனியில் எனக்குக் கிடைத்தது மணி அடிக்கும் வேலை. ரவுண்டு தொடங்க ஒரு மணி, முடிய ஒரு மணி. கையில் ஸ்டாப்வாட்ச். முதலாளி போடி ஊர்க் கடைவீதி வியாபாரி. ஒரு பெண்ணை ரிங் ஓரத்தில் உட்கார வைத்தால் அதைப் பார்க்கவே கூட்டம் வரும் என்று நினைத்தார். வந்தது.

"ஏலே, பொம்பளை மணியடிக்கப் போகுதுடா!"

"அடுப்பு அணைஞ்சுறப் போகுது ஆத்தா, வீட்டுக்குப் போ!"

"அடுப்பை நீங்க போய்ப் பாத்துக்கங்கண்ணே. எனக்கு இங்கன வேலை இருக்கு" என்றேன். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது.

சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். கம்பெனியின் இங்கிலீஷ் விதிகளைத் தமிழில் எழுதி வாசலில் தொங்கவிட்டதும் நான்தான். அன்றே முதலாளி எனக்கு வேறு விதி சொன்னார்.

"நம்மாளு தடுமாறுனா வெரசா அடிச்சிரு. வெளியாளு நின்னுட்டான்னா கொஞ்சம் இழு."

"அப்ப வாட்சு எதுக்கு முதலாளி?"

"கையில அழகா இருக்கட்டும்."

2. இந்த ஆட்டம் வந்த வழி

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்களுக்குள் ஆடிய ஆட்டம் இது. மெட்ராஸில் துறைமுகத் தொழிலாளிகளும் ரயில்வே பட்டறை ஆட்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரனை முகத்தில் குத்திவிட்டு ஜெயிலுக்குப் போகாமல் வீட்டுக்குப் போக முடிந்த இடம் ரிங் ஒன்றுதானே! அங்கிருந்து கொட்டகை கொட்டகையாக எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. குஸ்தியும் சிலம்பமும் பார்த்த ஊர்களில் ஒரே வாரத்தில் டீக்கடைப் பேச்செல்லாம் 'நாக்-அவுட்' ஆகிவிட்டது.

கம்பெனி ஆளோடு உள்ளூர்க்காரர் யாரும் மோதலாம். மூன்றாம் ரவுண்டு முடியும் மணி அடிக்கும்வரை, பத்து எண்ணும்படி விழுந்து கிடக்காமல் தாக்குப்பிடித்தால் வெள்ளிக் கோப்பை. அதுவரை யாரும் வாங்கியதில்லை.

3. சின்னக்காளை ஏறிய நாள்

சின்னக்காளை பெரியகுளத்திலிருந்து மாங்காய் ஏற்றி வரும் வண்டிக்காரர். சிலம்பக்காரர். கம்பெனி ஆள் தாமஸிடம் இரண்டு ரவுண்டு அடி வாங்கியும் நின்றார். மூன்றாவதில் தாமஸின் தாடையில் ஒன்று விட்டார். கொட்டகை அதிர்ந்தது.

சிலம்பத்தில் அடி பட்டதும் ஆட்டம் நிற்கும்; தொட்டவர் ஓரடி பின்வாங்கிக் கும்பிடுவார். அந்தப் பழக்கத்தில் இவரும் கிளவுஸ் போட்ட கைகளைக் குவித்துவிட்டார். தாமஸ் குத்தினார். சின்னக்காளை மல்லாந்தார்.

ரெஃபரி எண்ணத் தொடங்கினார். ஆறு எண்ணும்போது வாட்சில் நேரம் முடிந்தது.

"அடிக்காத!" என்றார் பின்னால் நின்ற முதலாளி. "பத்து எண்ணட்டும்!"

"நேரம் முடிஞ்சிருச்சு முதலாளி."

"முடியலன்னு நான் சொல்றேன்ல! வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும்தான். போனால் மறுநாளே நாற்று நடப் போக வேண்டும். 'படிச்சு என்னத்தக் கிழிச்சா?' என்று ஊர் கேட்கும். ஆனால் வாசலில் தொங்கிய விதி என் கையெழுத்து.

அடித்தேன். கடைசி வரிசைவரை கேட்கும்படி அடித்தேன்.

ரெஃபரி எண்ணுவதை நிறுத்தினார். கோப்பை வண்டிக்காரருக்குப் போனது. வேலை என்னை விட்டுப் போனது.

4. மறுநாள்

மறுநாள் சாயங்காலம் நான் தங்கியிருந்த அத்தை வீட்டு வாசலில் முதலாளியே வந்து நின்றார்.

"ஒருத்தரும் கிளவுஸ் மாட்ட மாட்டேங்கிறாக. நேத்து மணியடிச்ச புள்ள வந்தாத்தான் ஏறுவாகளாம். வந்து உக்காரும்மா."

"வாட்சைப் பாத்துத்தான் அடிப்பேன். பின்னாடி நின்னு யாரும் பேசக் கூடாது."

"முதலாளி நானா, நீயா?"

"கொட்டகைக்கு நீங்க. மணிக்கு நான்."

 முதலாளி அங்கிருந்தே, கொட்டகையில் டிக்கெட் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

வேலைக்கு வரும் தங்கச்சிகளுக்கு ஒன்று சொல்வேன். உங்களை எதற்காக அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பது அவர்கள் பாடு. உட்கார்ந்தபின் அந்த வேலை உங்களுடையது. அதை யாரிடமும் கேட்டுக்கொண்டு செய்யாதீர்கள்.