அலாரம் என்னும் கூக்குரல்

அலாரம் என்னும் சொல்லைக் காலையில் நம்மை எழுப்பும் மணிக்கே பெரிதும் வழங்குகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு அச்சம், கலக்கம் என்ற பொருள்களும் உண்டு. பிறப்பிடமோ இத்தாலி. ‘ஆயுதங்களை எடுங்கள்!’ என்று போர்வீரர்கள் எழுப்பிய கூக்குரலே நாளடைவில் பெயர்ச்சொல்லாயிற்று.

இதைக் கதிர்வேலிடம் கூறியபோது அவர் வியக்கவில்லை. “கத்துனாத்தானுங்கம்மா நகருவாங்க” என்றார். ஜேடர்பாளையத்திற்குக் கீழே காவிரிக் கரையில் அவர் மீன் வறுத்து விற்கிறார். அதற்குமுன் பதினேழு ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டியவர். வண்டி பின்னால் நகரும்போது அலாரம் விடாமல் ஒலிக்குமாம். ஒருவரும் விலக மாட்டார்களாம்.

சென்ற ஆடி மாதத்து ஞாயிறன்று அவர் கடையில் நின்றிருந்தேன். ஆற்றில் முப்பது பேராவது குளித்துக்கொண்டிருந்தனர். நடுப்பாறையில் மதுமதி என்னும் பெண், தன் ஆறு வயது மகள் இனியாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். மேலே அணையில் நீர் திறப்பதை அறிவிக்கும் அலாரம் அலறியது. ஒருவரும் அசையவில்லை.

“ஏனுங்க, என்ன சத்தமுங்க அது?” என்று குளித்தவர்களுள் ஒருவர் கேட்டார்.

“மில்லுச் சங்குங்க. ஷிப்டு உட்டாச்சு” என்றார் சோப்புத் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்.

கதிர்வேல் கரண்டியை எறிந்துவிட்டு ஓடினார். “தண்ணி வருதுங்க! மேல வாங்க!”

“வரட்டுமுங்க, குளிக்கத்தானே வந்தோம்!” என்று சிரித்தார்கள்.

மேற்கே ஆற்றின் திருப்பத்தில் பழுப்பு நுரை எழுந்ததைக் கண்டேன்.

“முதலை! பாறைக்குப் பின்னால முதலை!” என்று கத்தினார் கதிர்வேல்.

ஆறே கலங்கியது. ஒருவர்மேல் ஒருவர் விழுந்தெழுந்து கரையேறினர். மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் தடுமாறி வந்த மதுமதியைக் கதிர்வேல்தான் கைபற்றி இழுத்தார்.

மூச்சு வாங்க அவள் ஆற்றைப் பார்த்தாள். “எங்கீங்க முதலை? பொய் சொல்லிப் புள்ளைய இப்படிப் பயமுறுத்தறீங்களே, வெக்கமா இல்லீங்களா?”

அவர் வாய் திறப்பதற்குள் வெள்ளம் இரைந்து வந்தது. அவள் நின்றிருந்த பாறை எங்கள் கண்முன்னே மறைந்தது. மதுமதி ஈரமணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இனியா மட்டும் அழுகையினூடே கேட்டாள்: “முதலை போயிருச்சுங்களா?”

“போயிருச்சு சாமி” என்றார் கதிர்வேல்.