வெள்ளிமலை பஸ் எது, தம்பி?

பலாப் பிசின் சோப்புக்குப் போகாது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, துணியால் துடைத்து, மறுபடியும் தேய்க்க வேண்டும். நேற்றிலிருந்து தேய்க்கிறேன், வலது உள்ளங்கையில் இன்னும் ஒட்டுகிறது. பேனாவும் சேர்ந்து ஒட்டுகிறது. பிசின் போவதற்குள் எழுதிவிட வேண்டும், பிள்ளைகளே. அது போனால் என் கோபமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நேற்று சாயங்காலம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நானும் என் மகன் முகிலனும் கச்சிராயபாளையம் திரும்புவதற்கு டவுன் பஸ்ஸை எதிர்பார்த்து நின்றிருந்தோம். முகிலன் காலேஜில் இரண்டாம் வருஷம். பக்கத்தில் மலையிலிருந்து வந்த ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். சந்தையில் விலைபோகாமல் மிஞ்சிய பலாப்பழம் ஒன்று அவருடைய மூட்டையில் இருந்தது. அது வாய் பிளந்து அந்த இடத்தையே மணக்க வைத்துக்கொண்டிருந்தது.

“சின்னதுக்கு ஜொரம்ங்க. மருந்து வாங்கிக்கினேன். வெள்ளிமலைக்குக் கடைசி வண்டி இனிமேதான் வரணுமாம். எனக்குப் படிக்கத் தெரியாது. வந்தா சொல்லுங்க” என்றார்.

“டேய், வெள்ளிமலை பஸ் வந்தா இவங்கள ஏத்தி வுடு” என்று முகிலனிடம் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன்.

டீ வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவின் மூட்டை ஒரு பழைய உரச் சாக்கு. பலா வாசனைக்கு அடியில் யூரியா வாடை லேசாக இருந்தது. அந்த வாடை பட்டால் போதும், நான் கரும்புக் கொல்லையில் நிற்பேன்.

பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் போனது கரும்பு வெட்டுக்கு. சேர்ந்து வெட்டப் போகும் எங்கள் செட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் பெயரே மறைந்து ‘பட்ச்ச புள்ள’ ஆகிவிட்டேன். கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் கண்ணில் படுவதையெல்லாம் படிக்கச் சொல்வார்கள். மாத்திரை அட்டை, சினிமா போஸ்டர், வடை சுற்றி வந்த பேப்பர், எதுவானாலும் சரி. நானும் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உரச் சாக்கைக்கூட ராகம் போட்டு வாசிப்பேன். ஒருமுறை மருந்துப் பாட்டிலைப் பார்த்து, “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்” என்று கம்பீரமாக வாசித்தேன்.

“எட்டாத எடமா? எங்க வூட்டுல கூரையே எட்டுது, எங்க போயி வைக்கிறது?” என்றார் பச்சையம்மாக்கா. எல்லோரும் சிரித்ததில் கஞ்சி புரையேறியது.

எங்கள் செட்டில் வாய் ஜாஸ்தி அவருக்குத்தான். படித்துக் காட்டினால் அதோடு விடமாட்டார், அடுத்து ஒரு கேள்வி வைத்திருப்பார். சாக்கில் தூத்துக்குடி என்று போட்டிருந்ததை வாசித்தேன்.

“அது எங்க கீது?”

“கடலோரமாக்கா.”

“எந்தக் கடலு? கடலூருல கீதே, அதுவா?”

எனக்குத் தெரியவில்லை. “இன்னாடா பட்ச்ச புள்ள நீ!” என்று அவர் கேட்டது காதிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்குப் போய்ப் தேசப் படப் புத்தகத்தை விரித்து, விரலை வைத்துக் கரையோரமாகவே இறங்கினேன். திங்கட்கிழமை, “அதே கரைதாங்கா, இன்னும் தெற்கே போவணும். உப்பு வெளையற ஊரு” என்றேன். உடனே அடுத்த கேள்வி: “அப்ப நம்ம கடல்ல உப்பு கம்மியா?”

மறுபடியும் நூலகம்! நான் அறிவாளி ஆகிவிடலாம் என்று அங்கே போனதாக நினைத்துவிடாதீர்கள். பச்சையம்மாக்காவுக்குப் பயந்து போனேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச நஞ்சமும் படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுக் கேட்டு எனக்குள் போட்டது. படிக்கத் தெரிந்தவன் நாலு பேருக்குப் படித்துச் சொல்லியாக வேண்டும் என்பது அங்கே வழக்கம். தண்ணீர் கேட்டால் கொடுப்பதுபோலத்தான் அதுவும்.

சரி, டீயோடு திரும்பினேன். முகிலன் போனுக்குள் தலையை விட்டபடி நின்றான். வெள்ளிமலை பஸ் அப்போதுதான் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. மலைக்கார அம்மாவைக் காணோம்.

“அந்தம்மா எங்கடா?”

“ஏறிட்டாங்கப்பா.”

“எதுலடா? வெள்ளிமலை வண்டி இப்பதான வருது?”

“ஒரு பஸ் நின்னுச்சு. இதான்னு கேட்டாங்க. ம்ம்னேன்.”

“போர்டப் பாத்தியா?”

அவன் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். வாசலில் ஒரு பஸ் வெளியேறிக்கொண்டிருந்தது. அதன் பின்கண்ணாடியில் ‘திருக்கோவிலூர்’ என்று என் தலை அளவுக்குப் பெரிய எழுத்து. மலைக்கு நேர் எதிர்த் திசை!

டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த்தான் டிரைவர் நிறுத்தினார். அந்த அம்மாவை இறக்கி, மூட்டையை நான் தூக்கிக்கொண்டு திரும்பினோம். பிசின் ஒட்டியது அப்போதுதான். வெள்ளிமலை பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது. அந்த அம்மா மருந்துப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “புள்ள ஒத்தையா கெடக்குமே” என்று அழ ஆரம்பித்தார்.

“எங்ககூட வாங்கம்மா, கச்சிராயபாளையத்துல மேல போற வண்டி ஏதாச்சும் கெடைக்கும்” என்று சொல்லி டவுன் பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் முகிலனைத் திட்டினேன். “வெள்ளிமலை எந்தப் பக்கம் இருக்குன்னாச்சும் தெரியுமாடா?” என்று கேட்டேன். அவன் போனை எடுத்தான். வெள்ளிமலை ஊரைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஜன்னல் நிறையக் கல்வராயன் மலை நின்றுகொண்டிருக்கிறது. அதன் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன், மலை எங்கே என்று போனில் தேடுகிறான்! அதைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்பது ஞாபகம் வந்து கையை இறக்கினேன். பிள்ளையிடம் ஒரு நாளாவது ‘இதைப் படித்துச் சொல்’ என்று நான் கேட்டதுண்டா? அந்தக் கோபமும் இதில் சேர்த்திதான்.

கச்சிராயபாளையத்தில் மரவள்ளிக் கிழங்கை இறக்கிவிட்டு மலைக்குத் திரும்பும் வண்டி ஒன்று நின்றிருந்தது. டிரைவர் தெரிந்தவர், ஏற்றிக்கொண்டார். முகிலன் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தான். “சாரிம்மா” என்றான், தலை குனிந்தபடி.

அந்த அம்மா அவன் தாடையைத் தொட்டார். குத்தலோ கேலியோ அந்தக் குரலில் இல்லை. தன்னைப் போன்ற ஒருவனிடம் சொல்வது போலத்தான் சொன்னார்:

“வுடு சாமி. உனுக்கும் படிக்கத் தெரியாதுன்னு எனுக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சிருந்தா வேற யாரையாச்சும் கேட்டிருப்பன்.”

வண்டி போய்விட்டது. வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டதாக டிரைவர் பிறகு போன் செய்தார். அந்தக் குழந்தை மருந்து குடித்திருக்கும்.

எனக்குத்தான் ஆறவில்லை. நான் சின்னவனாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்றால் நாலு பேராவது, “கண்ணு, இது எந்தூரு பஸ்ஸு?” என்று கேட்பார்கள். சட்டைப்பையில் பேனா இருந்தால் போதும், தேடி வருவார்கள். இன்று காலை அதே பஸ் ஸ்டாண்டில் வேண்டுமென்றே நின்று பார்த்தேன். காலேஜ் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். மூட்டையோடு வந்த ஒரு பெண் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒருவனும் நிமிரவில்லை. அத்தனை பேரையும் தாண்டி, நரைத்த தலையோடு கடைசியில் நின்றிருந்த என்னிடம் வந்து கேட்டார்.

‘பட்ச்ச புள்ள’ என்று எங்கள் பக்கத்தில் இப்போது யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.