திட்டு வாங்காத பெட்டி

மலேசியாவில், சிகாமட்டில் பழைய பாட்டுப் பெட்டிகளுக்குப் புது ஸ்பீக்கர் மாட்டித் தருபவர் ஒருவர் இருக்கிறார். தொப்பைக்கு மேல் ஏற்றிக் கட்டிய கைலி, காதிடுக்கில் ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவர். எதிர்ப்பக்கம் காப்பிக்கடைச் சீனக் கிழவர் வெளியே வந்து திட்டினால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. சாலையைத் தாண்டிப் போய்க் கிழவரின் கோப்பைகளை ஆட்டாத சத்தமெல்லாம் ஒரு சத்தமா என்பது அவர் கட்சி.

என் பெட்டிகளில் இற்றுப்போன ஸ்பீக்கர்களைக் கழற்றிப் புதுசு மாட்டியிருந்தார். அருமையாகத்தான் பாடியது. ஆனால் காப்பிக்கடை பூட்டிக் கிடந்தது. கிழவர் சிங்கப்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

"அங்கிள் வரட்டும், அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

"ஞாயித்துக்கிழமை என் மகளுக்குப் பொறந்தநாள்ணே. வேணும்னா நானே திட்டுறேன்."

"நீங்க கஸ்டமர் லா. பெட்டி வேணும்னு பொய்யாத் திட்டுவீங்க."

பிறந்தநாள் பாட்டில்லாமல் நடந்தது. மகள் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் போனேன். பாட்டைப் போட்டதும் கிழவர் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்து, "அலமாக்! பிசிங் லா!" என்று, ஒரே இரைச்சல் என மலாயில் கத்தினார். ஸ்பீக்கர்காரர் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பரிசு வாங்கியவர் மாதிரி என் பக்கம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்ததும் சத்தமாக வைத்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலியோரம் வந்து நின்று கேட்டார். நல்ல பாட்டு என்று சிரித்துவிட்டுப் போனார்.

பெட்டிகளை ஸ்பீக்கர்காரரிடமே திரும்பக் கொண்டுபோகலாமா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.