கரடிக்கு வைத்த ஷாஹி துக்டா

எனக்கு நீலகிரி பிடிக்கவில்லை என்று கோயம்புத்தூரில் யாரிடமாவது சொன்னால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். காசைக் கொட்டி எல்லோரும் பார்க்க வருகிற ஊரில் சும்மா உட்காரக் கிடைத்திருக்கிறது, இவளுக்குக் கொழுப்பு என்பார்கள். சும்மா உட்காருவதுதான் எனக்கு ஆகாத காரியம். கட்டபெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் என் வீட்டுக்காரருக்குக் கணக்கு வேலை கிடைத்ததும், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அவரோடு மலையேறினேன். குவார்ட்டர்ஸ் தேயிலைக்கு நடுவே தனியாக இருந்தது. அவர் கிளம்பிவிட்டால் மாலை வரை நானும் மூடுபனியும்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். அவரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அவர் ஆசைப்பட்டு வாங்கிய வேலையை விடவேண்டி வரும்.

அப்போதுதான் என் தம்பி அந்தப் புத்தகத்தை அனுப்பினான். யாரோ ஒரு நட்சத்திர ஓட்டல் செஃப் எழுதியது. ஓட்டல் ருசியை வீட்டிலேயே கொண்டுவரலாம் என்று அட்டையிலேயே சத்தியம் செய்திருந்தார். முதல் பக்கத்திலேயே எனக்கும் அவருக்கும் சண்டை ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் வெண்ணெய் என்று அவர் சொன்னால் எங்கள் வீட்டு ஒரு மாதத்து வெண்ணெய். ஒரு குழம்புக்கு மூன்று வாணலி. கழுவ ஆள் யார் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டார். கருப்பு உளுந்தைச் சிறு தீயில் மெதுவாக வேகவிடச் சொன்னார். இந்த உயரத்தில் குக்கரில் போடாவிட்டால் எதுவும் வேகாது என்று அவருக்கு யார் சொல்வது? பகல் முழுக்கக் கொதித்த பிறகும் பல்லில் கடிபட்டது.

ஆனாலும் விடவில்லை. வெங்காயத்தை நெய்யில் சிவக்க வறுப்பேன், முந்திரியை அரைப்பேன், பாலைச் சுண்டக் காய்ச்சுவேன். அந்த நேரத்தில் மட்டும் மனசு ஓரிடத்தில் நிற்கும். அதனால்தான் தினமும் சமைத்தேன். ருசிக்காக இல்லை. என் வீட்டுக்காரர் எதைச் சாப்பிட்டாலும் "நல்லா இருக்கு" என்பார். வேகாத உளுந்துக்கும் அதேதான். தலையில் கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருக்கும்.

சூடான வாணலிகளை ஆறட்டும் என்று பின்வாசல் படியில் வைப்பேன். ஒரு நாள் காலையில் ஒன்றைக் காணவில்லை. தேடினால் தேயிலைச் செடிகளுக்கு அடியில் கிடந்தது, நான் என்றைக்கும் கழுவாத சுத்தத்தோடு. நாய் என்று நினைத்தேன். நாலு நாள் கழித்து, வெளிச்சம் மங்குகிற நேரம், அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தால் படியில் ஒரு கரடி உட்கார்ந்திருந்தது. மடியில் வாணலியைப் பிடித்துக்கொண்டு நக்கிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ப் பின்கதவைத் தாழ் போட்டேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் சமையலை அப்படி ஒருவர் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து எதையும் வெளியே வைக்கவில்லை. பயனில்லை, வாசனையே அதற்குப் போதுமாக இருந்தது. நெய் காய்ந்தால் வந்துவிடும். வீட்டைச் சுற்றிச் சுற்றி வரும், பின்கதவைப் பிறாண்டும், மறுபடி சுற்றும். உள்ளே நான் அதே மாதிரி அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், அவர்கள் பேச்சில் லயம். அவர்கள் வேலைக்குப் போவதும் வருவதும் எங்கள் பின்வாசலை ஒட்டிய பாதையில்தான். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த ஓர் அம்மா ஒரு நாள் அந்தப் பாதையில் கரடிக்கு எதிரிலேயே போய்விட்டார். பையைப் போட்டுவிட்டு ஓடியதில் விழுந்து முட்டியில் அடிபட்டுவிட்டது. சின்ன வயசில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர், என்னைவிட ரொம்ப மூத்தவர். மறுநாள் கட்டுப் போட்ட காலோடு என் வாசலில் வந்து நின்றார்.

"நீங்க சமைக்கிறது லயம் முழுக்க மணக்குது. குத்தம் சொல்ல வரல. ஆனா நாங்க வெள்ளன வேலைக்குப் போகணுமேம்மா. பொம்பளப் புள்ளைங்க இந்த வழியாத்தானே வருதுக. ஒண்ணு நீங்க சமையலைக் கொறைச்சுக்கணும், இல்லாட்டி அதைப் புடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லணும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அன்று ரசம் மட்டும் வைத்தேன். அடுத்த நாளும் ரசம். அடுப்பை அணைத்த பிறகு பொழுது மலை மாதிரி கிடந்தது. என் துணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்தேன், வெளியே எடுத்தேன், திரும்ப வைத்தேன். சாயந்தரம் வந்த வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்தார். மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிப் போனார்.

அடுத்த வாரம் வனத்துறை ஆட்கள் ஒரு கூண்டைக் கொண்டுவந்து பின்பக்கம் இறக்கினார்கள். பலாப்பழமும் தேனும் வைத்துப் பார்த்தார்கள். கரடி கிட்ட வந்து முகர்ந்துவிட்டு, என் அடுப்படிக் கதவுக்கே போனது. ஃபாரஸ்ட் கார்டு சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, நீங்க வழக்கமாச் செய்யறதையே ஏதாச்சும் செஞ்சு குடுங்க. அது உங்க கைக்குப் பழகீருச்சு."

புத்தகத்தைப் பார்த்து நான் மூன்று முறை கெடுத்த, ஷாஹி துக்டா என்கிற ரொட்டி இனிப்பை எடுத்தேன். ரொட்டியை நெய்யில் முறுகப் பொரித்தேன். பாகு கம்பிப் பதத்தில் வந்து நின்றது. பால் அடிபிடிக்காமல் திரண்டது. படத்தில் இருப்பது போலவே வந்த முதல் பதார்த்தம் அதுதான். வீட்டுக்காரர் ஓரத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

"அடேங்கப்பா! இத்தன நாளா இப்பிடிச் செய்யலியே நீ."

தட்டைக் கார்டிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து தாழ் போட்டேன். பொழுது சாயும்போது இரும்புக் கதவு விழுந்த சத்தம் கேட்டது. லைன் வீடுகளில் கைதட்டினார்கள்.

காலையில் லாரி வந்தது. கூண்டுக்குள் தட்டில் ஒரு துளி மிச்சமில்லை. கரடி நாலு எட்டு போவதும் திரும்புவதுமாக இருந்தது. முட்டியில் கட்டுப் போட்ட அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்கம்மா" என்றார்.

கார்டு என்னைத் தேற்றுகிறாராம். "அவலாஞ்சிக் காட்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுருவோம்ங்க. நல்ல எடம். மொதல்ல கொஞ்ச நாள் திரியும், அப்புறம் பழகீரும்."

லாரி திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நின்றேன். நானும் ஏறிப் போயிருக்கலாம் என்று நினைத்தேன். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே நினைத்தேன்.

வீட்டுக்காரர் என் தோளைத் தட்டினார். "இனி பயமில்லாம சமைக்கலாம், போ."

உள்ளே போனேன். நெய் டப்பாவைத் திறந்தேன். ஒரு கரண்டிகூட எடுக்க மனம் வரவில்லை. மூடிவிட்டு வெளியே வந்து, அத்தனை நாள் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"எனக்கு இந்த ஊரு பிடிக்கலீங்க. வந்த நாள்லருந்தே பிடிக்கல."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தெரியும். சமையல்தான் உன்னய இங்க நிறுத்தி வெச்சிருந்துச்சு. அதையும் விட்டுட்டா நீ கெளம்பீருவேன்னு பயந்துதான், கூண்டு வெக்கச் சொல்லி நான் ஆபீசு ஆபீசா அலஞ்சேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"நம்மூருக்கு எப்பங்க போலாம்?" என்று கேட்டேன்.